வேதியியல் இளநிலைப் பட்டத்துக்கு எவ்வளவு கடன் வாங்கலாம்?

கேள்வி இதுதான். அமெரிக்காவில் குடியேறிய ஒரு குடும்பம். மகள் ஹைஸ்கூல் கடைசி வருடத்தில் இருக்கிறாள். கல்லூரியில் வேதியியல்தான் படிப்பேன் என்பதில் உறுதியாக இருக்கிறாள். சொந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே உதவித்தொகை போக, தங்குவது சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 18,000 டாலர் ஆகும். பெயர்பெற்ற தனியார் கல்லூரி ஒன்றிலும் கிடைத்திருக்கிறது. அங்கே எல்லாம் கழித்து 38,000. வீட்டிலிருந்து ஆண்டுக்கு 12,000 போட முடியும், மிச்சத்துக்குக் கடன்தான். "வேதியியலாளர் சம்பளம் 84,000 டாலர் என்று அரசாங்கமே போட்டிருக்கிறது. அப்படியிருக்கும்போது ஒரு லட்சம் டாலர் கடன் பெரிய விஷயமா?" என்று அப்பா கேட்கிறார்.

பெரிய விஷயம்தான். வேதியியலைப் படிக்க விடுங்கள், ஆனால் ஒரு லட்சம் கடனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள் என்பது என் பதில். மருந்து நிறுவனத்தின் பகுப்பாய்வு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், புதிதாகப் பட்டம் வாங்கி வருபவர்களை நேர்காணல் செய்யும் குழுவிலும் இருக்கிறேன். அந்த இடத்திலிருந்து இந்தக் கணக்கு எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 84,000. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை 2024 மே மாதத்துக்கு வெளியிட்ட கணக்கில் வேதியியலாளர்களின் நடுமதிப்புச் சம்பளம் ஏறக்குறைய அவ்வளவுதான், பொய்யில்லை. ஆனால் அது யாருடைய சம்பளம்? நேற்று சேர்ந்தவரும் இருபது வருடம் வேலை பார்த்தவரும் அதில் இருக்கிறார்கள். இளநிலைப் பட்டத்தோடு நின்றவரும், முனைவர் பட்டம் வாங்கி ஒரு குழுவையே நடத்துபவரும் இருக்கிறார்கள். இவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கும் தொகை அது. உங்கள் மகள் 22 வயதில் அந்த வரிசையில் எங்கே போய் நிற்பாள் என்பதை அந்த எண் சொல்லாது.

அதே துறை இன்னொரு எண்ணையும் தருகிறது. கெமிக்கல் டெக்னீஷியன் என்ற வேலைக்கு நடுமதிப்பு சுமார் 58,000. புள்ளிவிவரத்தில் இது இரண்டாண்டுப் படிப்புக்கான வேலை என்றுதான் இருக்கும். நடைமுறையில், நான்காண்டு வேதியியல் பட்டம் வாங்கியவர்களில் நிறையப் பேர் முதலில் உட்காருவது இந்த வேலையிலோ இதை ஒட்டிய வேலையிலோதான். க்யூ.சி. அனலிஸ்ட், லேப் அசோசியேட், சயின்டிஸ்ட்-1 என்று பெயர் மட்டும் மாறும். அதிலும் முதல் வேலை பல சமயம் கம்பெனியின் நேரடி வேலையாக இருக்காது. ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி மூலம் ஆறு மாதம், ஒரு வருடம் என்று கான்ட்ராக்டில் எடுப்பார்கள். மணிக்கு 25 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு 52,000 ஆகும். கான்ட்ராக்ட் என்பதால் விடுமுறைச் சம்பளமும் மருத்துவக் காப்பீடும் மெலிந்துதான் இருக்கும். வரி, சோஷியல் செக்யூரிட்டி, காப்பீட்டுப் பிடித்தம் எல்லாம் போக மாதம் 3,300 முதல் 3,500 டாலர் வரை கையில் நிற்கும். மாநில வரி எவ்வளவு என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் ஏறும், இறங்கும்.

கடனை இந்த 3,400-ஓடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். 84,000-க்கு அவள் ஒருநாள் போய்ச் சேரலாம், அதைத் தாண்டியும் போகலாம். ஆனால் கடன் தவணை படிப்பு முடிந்த ஆறாவது மாதமே ஆரம்பித்துவிடும்.

சரி, கடன் பக்கம் வருவோம். மாணவி தன் பெயரில் வாங்கும் ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசு) கடனுக்கு உச்சவரம்பு உண்டு. பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவிக்கு முதல் ஆண்டு 5,500 டாலர், இரண்டாம் ஆண்டு 6,500, அப்புறம் ஆண்டுக்கு 7,500. நான்கு ஆண்டுக்கு மொத்தம் 27,000. இளநிலைப் படிப்பு முழுவதற்குமான வரம்பு 31,000. 2025-26 கல்வியாண்டில் வட்டி 6.39 சதவீதம். ஒவ்வொரு ஆண்டு கடனுக்கும் அந்தந்த ஆண்டின் வட்டி நிர்ணயமாகி, கடைசி வரை அப்படியே இருக்கும். குடும்ப வருமானம் குறைவு என்றால் இதில் ஒரு பகுதிக்குப் படிக்கும் காலத்து வட்டியை அரசு ஏற்கும். இல்லையென்றால் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

இதை அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 6,000 துண்டு விழுகிறது, நான்கு ஆண்டில் 24,000. முதல் ஆண்டு வரம்பு 5,500 என்பதால் ஒரு 500 டாலரைக் கோடை வேலையில் ஈட்டிக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். படிக்கும் காலத்து வட்டி சேர்ந்து முடிக்கும்போது 27,000 அல்லது 28,000 ஆகியிருக்கும். பத்து ஆண்டில் அடைப்பதாக இருந்தால் மாதம் 300 டாலரை ஒட்டி வரும். 3,400-இல் 300. இறுக்கம்தான், ஆனால் தாங்கும். கான்ட்ராக்ட் முடிந்து இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்தாலும் குடும்பம் கைகொடுத்துச் சமாளித்துவிடலாம்.

அடுத்து தனியார் கல்லூரி. ஆண்டுக்கு 26,000 துண்டு விழுகிறது, நான்கு ஆண்டில் 1,04,000. அவள் பெயரில் 27,000-க்கு மேல் கிடைக்காது. மீதி 77,000 உங்கள் பெயரில். பேரன்ட் ப்ளஸ் என்ற ஃபெடரல் கடன் இதற்குத்தான் இருக்கிறது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு இதிலும் வரம்பு வந்துவிட்டது: ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000. ஆக இன்னும் குறைந்தது 12,000-க்கு வங்கியின் தனியார் கடனைத் தேட வேண்டும்.

பேரன்ட் ப்ளஸ் வட்டி 2025-26-இல் 8.94 சதவீதம். அதற்கு மேல் 4 சதவீதத்துக்குச் சற்று அதிகமாக ஒரு கட்டணத்தை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். 65,000 வாங்கினால் கல்லூரிக்குப் போய்ச் சேருவது 62,000 சொச்சம், வட்டியோ முழு 65,000-க்கும் ஓடும். இந்த அளவு கடனுக்குப் புதிய சட்டம் 20 ஆண்டுத் தவணை வைக்கிறது. படிக்கும் காலத்து வட்டியை நீங்கள் அவ்வப்போது கட்டிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்படியும் மாதம் சுமார் 580 டாலர், 20 ஆண்டில் மொத்தம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். கட்டாமல் விட்டிருந்தால் அசலே 80,000-ஐத் தொட்டிருக்கும். மகளின் தவணை, உங்கள் தவணை, வங்கிக் கடனின் தவணை மூன்றையும் கூட்டினால் மாதம் ஆயிரம் டாலரைத் தாண்டும். முதல் வேலையில் கைக்கு வருவதில் அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. "பெற்றோர் கடனைப் பெற்றோர்தானே கட்டப்போகிறோம்" என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் வயதைக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். 20 ஆண்டுத் தவணை உங்கள் ஓய்வுக்காலத்துக்குள் நுழையும். வருமானத்துக்கு ஏற்பத் தவணையைக் குறைத்துக் கட்டும் புதிய திட்டம் மாணவர் கடனுக்கு உண்டு, புதிய பேரன்ட் ப்ளஸ் கடனுக்குக் கிடையாது. கடனுக்கு முழுப் பொறுப்பும் உங்களுடையது. மகளின் பெயருக்குச் சட்டப்படி மாற்றவும் முடியாது.

இப்போது காலேஜ் ஸ்கோர்கார்டு பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஏனென்றால் இந்த முடிவை எடுக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் எடுக்கின்றன. அமெரிக்கக் கல்வித்துறை நடத்தும் தளம் அது. எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் படித்தவர்கள் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள், எவ்வளவு கடனோடு வெளியே வந்தார்கள் என்று காட்டும். நல்ல கருவி, நானே பலருக்குத் திறந்து காட்டியிருக்கிறேன். ஆனால் வேதியியலுக்கு அதைப் படிக்கும் விதம் வேறு.

சம்பளக் கணக்கில் ஃபெடரல் உதவி பெற்ற மாணவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். அந்தச் சமயத்தில் மேற்படிப்பில் இருப்பவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற பாடத்தில் இது பெரிய வித்தியாசம் தராது. வேதியியலில் தரும். முனைவர் பட்டத்துக்கும் மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியலுக்கும் போகிறவர்கள் இந்தத் துறையில் நிறைய. அவர்கள் எல்லாரும் வெளியே நிற்க, நேராக வேலைக்குப் போனவர்களின் சம்பளம்தான் திரையில் தெரிகிறது. உங்களுக்கு ஒருவகையில் அது நல்லது. இளநிலைப் பட்டத்தோடு மட்டும் வேலைக்குப் போனால் என்ன வரும் என்பதற்கு 84,000-ஐ விட அதுவே நேர்மையான எண். ஆனால் அதை வைத்து "வேதியியல் படித்தால் வாழ்நாளெல்லாம் இவ்வளவுதான்" என்று முடிவு கட்டக்கூடாது.

கடன் எண்ணில் இதற்கு நேர்மாறான சிக்கல். அங்கே காட்டப்படுவது, கடன் வாங்கிப் படித்து முடித்தவர்களின் ஃபெடரல் கடன் மட்டும். வங்கிக் கடன் அதில் இல்லை. பெற்றோர் கடன் தனியாக வேறிடத்தில் இருக்கும், பலர் அதைக் கவனிப்பதே இல்லை. மாணவர் கடனுக்கு வரம்பு 31,000 என்று பார்த்தோம் அல்லவா? அதனால்தான் செலவு எவ்வளவு கூடுதலான கல்லூரியாக இருந்தாலும் மாணவர் கடன் 25,000 பக்கத்திலேயே நிற்கிறது. இரண்டு கல்லூரிகளின் கடன் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "வித்தியாசமே இல்லையே" என்று தனியார் கல்லூரியைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் உண்டு. வித்தியாசம் முழுவதும் பெற்றோர் தலையில் இருந்தது.

இன்னொன்று. வேதியியல் துறைகள் சிறியவை. ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பேர் மட்டும் பட்டம் வாங்கும் கல்லூரிகள் நிறைய. தனிநபர் விவரம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் அங்கெல்லாம் எண்ணை மறைத்துவிடுவார்கள். உங்கள் தனியார் கல்லூரிக்கு வேதியியல் சம்பளம் காட்டாமல், கல்லூரி முழுவதற்குமான சம்பளம் மட்டும் தெரிந்தால் ஏமாற வேண்டாம். அது பொருளாதாரமும் பொறியியலும் படித்து வெளியே போனவர்களையும் சேர்த்த எண். உயிர்வேதியியலும் அந்தத் தளத்தில் வேதியியலோடு சேராது, உயிரியல் பிரிவுக்குள் தனித் தலைப்பாக இருக்கும். இரண்டையும் தேடிப் பாருங்கள்.

சரி, பெயர்பெற்ற கல்லூரி என்றால் வேலை சுலபமாகக் கிடைக்காதா? இந்தக் கேள்விக்கு என் மேஜையிலிருந்தே பதில் சொல்ல முடியும்.

எங்கள் ஆய்வகத்தில் அன்றாட வேலை எச்.பி.எல்.சி. கருவியில்தான். மருந்து மாதிரியைக் கரைத்து, சிறு குப்பியில் அடைத்து, கருவியில் வைத்தால் அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று உச்சிகளாக வரைந்து தரும். நேர்காணலில் ஒரு வரைபடத்தை முன்னால் வைப்பேன். உச்சி சமச்சீராக இல்லாமல் வலப்பக்கம் வால் மாதிரி இழுத்துக்கொண்டு போயிருக்கும். "இது உங்கள் ரன். என்ன செய்வீர்கள்?" என்று கேட்பேன். பெரிய பெயருள்ள கல்லூரியிலிருந்து வந்த ஒரு பையன் கோட்பாட்டை அழகாகச் சொன்னான், ஆனால் கருவியைத் தொட்டதில்லை. அங்கே மாதிரியைக் கொடுத்தால் டெக்னீஷியன் ஓட்டிக் கொடுத்துவிடுவாராம். அதே வாரம், வெளியூரில் யாருக்கும் பெயர் தெரியாத ஒரு மாநிலக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். வரைபடத்தைப் பார்த்ததும் திருப்பிக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள். எல்லா உச்சிக்கும் வால் இருக்கிறதா, இந்த ஒன்றுக்கு மட்டுமா? எல்லாவற்றுக்கும் இருந்தால் கருவிக்குள் சேர்மங்களைப் பிரிக்கும் குழாய் (column) பழுதாகியிருக்கும் அல்லது இணைப்பில் எங்கோ இடைவெளி இருக்கும். ஒன்றுக்கு மட்டும் என்றால், அது அமீன் சேர்மமா? அப்படியானால் அந்தக் குழாயில் நிரப்பியிருக்கும் சிலிக்காவோடு ஒட்டிக்கொள்கிறது, கரைப்பானின் பி.எச். மாற்றிப் பார்க்க வேண்டும். மாதிரி அதிகமாகிவிட்டதா என்று பாதி அளவு செலுத்தியும் பார்ப்பேன் என்றாள். இரண்டு கோடை முழுக்கப் பேராசிரியர் ஒருவரின் ஆய்வகத்தில் அந்தக் கருவியோடு மல்லாடியிருக்கிறாள். அவளைத்தான் எடுத்தோம்.

தனியார் கல்லூரிகள் மோசம் என்று இதற்குப் பொருளில்லை. சில சிறிய கல்லூரிகளில் முனைவர் மாணவர்களே இல்லாததால், இளநிலை மாணவர்களுக்குத்தான் எல்லாக் கருவியும் கிடைக்கும், பேராசிரியர் பக்கத்திலேயே நிற்பார். உங்கள் தனியார் கல்லூரி அந்த மாதிரியாக இருக்கலாம். ஆனால் அதை விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், பெயரை வைத்து ஊகிக்கக் கூடாது. பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை அமெரிக்க வேதியியல் சங்கம் துறைகளுக்கு அங்கீகாரம் தருகிறது. அந்த அங்கீகாரம் உள்ள மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஏராளம். சங்கத்தின் சான்றிதழோடு பட்டம் வாங்கினால், கரிம வேதியியல் முதல் இயற்பிய வேதியியல் வரை ஆய்வக நேரத்தோடு ஒழுங்காகப் படித்திருக்கிறாள் என்பது வேலை கொடுப்பவருக்குத் தெரியும். 80,000 டாலர் கூடுதலாகக் கொடுத்து வாங்க வேண்டிய விஷயம் இல்லை இது.

அப்புறம், அவள் எந்தப் பாதையில் போவாள் என்பதைப் பொறுத்து இந்தக் கடன் எப்படி மாறும் என்று பார்க்க வேண்டும். பதினேழு வயதில் யாருக்கும் இது உறுதியாகத் தெரியாது. அதனால் எந்தப் பாதைக்குப் போனாலும் தாங்கும் அளவுக்குக் கடன் இருக்க வேண்டும்.

வேதியியல் முனைவர் பட்டத்துக்கு அமெரிக்காவில் பொதுவாகக் காசு கட்ட வேண்டியதில்லை. கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்று, வகுப்பெடுப்பதற்கோ ஆய்வுக்கோ மாத உதவித்தொகையும் தரும். தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் ஆண்டுக்கு 37,000 டாலர். ஆனால் படிப்பு முடிய ஐந்து ஆண்டு, சில சமயம் ஆறு. அந்தக் காலத்தில் இளநிலைக் கடனின் தவணையைத் தள்ளிப்போடலாம், வட்டியைத் தள்ளிப்போட முடியாது. 27,000 டாலர் கடனுக்கு ஆண்டுக்கு 1,700 டாலர் வட்டி, உதவித்தொகையில் மிச்சம் பிடித்துக் கட்டிவிடலாம். பெற்றோர் கடனிலோ, தவணையைத் தள்ளிப்போட்டாலும் அதைவிடப் பெரிய வட்டி உங்கள் தலையில் ஏறிக்கொண்டே இருக்கும். ஆய்வில் உண்மையான ஆசை உள்ள பிள்ளைகள், வீட்டுக் கடனை நினைத்து முனைவர் படிப்பை விட்டுவிட்டு முதலில் கிடைத்த வேலையில் உட்கார்ந்துவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறவே ஆறாது. வேதியியலில் கதவு திறப்பது பெரும்பாலும் அந்த ஐந்து ஆண்டுக்குப் பிறகுதான்.

மருத்துவம் மனதில் இருந்தால் இன்னும் கறாராக இருங்கள். 2026 ஜூலைக்குப் பிறகு புதிதாகச் சேர்பவர்களுக்கு, மேற்படிப்புச் செலவு முழுவதையும் ஈடுகட்டிய கிராட் ப்ளஸ் கடன் கிடையாது. மருத்துவம் போன்ற தொழில்முறைப் படிப்புக்கு ஃபெடரல் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 என்று நின்றுவிடும். பல மருத்துவக் கல்லூரிகளின் செலவு இதைத் தாண்டும். அந்த நேரத்தில் உங்கள் வருமானமும் கடன் வாங்கும் தகுதியும் தேவைப்படும். இளநிலையிலேயே எல்லாவற்றையும் கரைத்துவிட்டால் அப்போது கையில் ஒன்றும் இருக்காது.

நேராக வேலைக்குப் போவதென்றால் ஊர் முக்கியம். மருந்து, உயிரித்தொழில்நுட்ப வேலைகள் பாஸ்டன், நியூஜெர்சி-ஃபிலடெல்பியா, வட கரோலினாவின் ரிசர்ச் ட்ரையாங்கிள், சான் டியேகோ, சான் பிரான்சிஸ்கோ பகுதி என்று சில இடங்களில்தான் குவிந்து கிடக்கின்றன. பெட்ரோ கெமிக்கல் என்றால் ஹூஸ்டன் பக்கம். பாஸ்டனில் சம்பளம் கூடுதல், ஆனால் வாடகை அதை விழுங்கிவிடும். மாதம் ஆயிரம் டாலர் தவணையோடு அங்கே முதல் வேலைக்குப் போவது நடக்காத காரியம். 300 டாலர் தவணையோடு, இரண்டு பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு போகலாம். இன்னொரு வழி, வேலை கொடுப்பவர் செலவில் மேலே படிப்பது. ஆண்டுக்கு 5,250 டாலர் வரை நிறுவனம் தரும் கல்வி உதவிக்கு வரி கிடையாது, அதைக் கடன் அடைக்கவும் பயன்படுத்தலாம். எல்லா நிறுவனமும் தருவதில்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும். முதுநிலைப் பட்டத்துக்குக் கடன் வாங்காமல் இப்படிப் படிப்பதே சரி.

அரசு வேலை, ஆசிரியர் வேலை பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. மாநிலத் தடயவியல் ஆய்வகம், குடிநீர் பரிசோதனை, சுற்றுச்சூழல் துறை எல்லாம் வேதியியல் பட்டதாரிகளை எடுக்கின்றன. அங்கே தகுதியான திட்டத்தில் 120 தவணை ஒழுங்காகக் கட்டினால் மீதி ஃபெடரல் மாணவர் கடன் தள்ளுபடியாகும். குறைந்த வருமானப் பகுதிப் பள்ளியில் தொடர்ந்து ஐந்து ஆண்டு உயர்நிலை வகுப்புக்கு அறிவியல் கற்பித்தால் 17,500 டாலர் வரை தள்ளுபடி உண்டு. நல்ல வழிகள்தான். ஆனால் தள்ளுபடி கிடைக்கும் என்று நம்பிக் கடனைப் பெரிதாக்காதீர்கள், விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

வேதிப் பொறியியலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அங்கே நடுமதிப்புச் சம்பளம் 1,20,000-ஐ ஒட்டி இருக்கிறது, அதுவும் இளநிலைப் பட்டத்திலேயே. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் வேலை வேறு: குழாய், வெப்பம், அழுத்தம், ஆலையின் கணக்கு. மூலக்கூறில் ஆசை உள்ள பிள்ளையைச் சம்பளத்துக்காக அங்கே தள்ளினால் இரண்டாம் ஆண்டில் திரும்பி வந்துவிடுவாள், ஒரு வருடக் கட்டணம் வீண். அவளுக்கே இரண்டிலும் ஆசை இருந்தால், முதல் செமஸ்டரிலேயே பொறியியல் பாதைக்கான கணிதத்தை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு மாறுவது கஷ்டம்.

செலவைக் கூட்டிவிடும் இன்னொரு விஷயம் யார் கண்ணிலும் படுவதில்லை. வேதியியல் படிகள் உள்ள பாடம். பொது வேதியியல் முடிக்காமல் கரிம வேதியியல் எடுக்க முடியாது, கணிதமும் இயற்பியலும் முடிக்காமல் இயற்பிய வேதியியல் எடுக்க முடியாது. சில கல்லூரிகளில் இந்தப் பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். ஒரு படியைத் தவறவிட்டால் ஐந்தாம் ஆண்டு நிச்சயம். முழு வரம்புக்கும் கடன் வாங்கியிருந்தால், 31,000-இல் 27,000 போக ஐந்தாம் ஆண்டுக்கு மிச்சம் 4,000 டாலர் மட்டும். சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு மாறுவது செலவைக் குறைக்கும் நல்ல வழிதான். ஆனால் அங்கே படித்த கரிம வேதியியலையும் அதன் ஆய்வக வகுப்பையும் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று எழுத்தில் வாங்கிய பிறகே சேர வேண்டும்.

நம் குடும்பங்களுக்கென்று ஒரு எச்சரிக்கை: மேலே சொன்ன ஃபெடரல் கடன்கள் எல்லாம் பொதுவாகக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு உள்ள பிள்ளைகளுக்குத்தான். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைக்கு அது கிடையாது. அந்த நிலையில் மிச்சமிருப்பது வங்கிக் கடன், அதற்கும் பெரும்பாலும் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அப்படியென்றால் என் பதில் இன்னும் அழுத்தமாக அரசுப் பல்கலைக்கழகம்தான்.

கடனுக்கு ஒரு எல்லை சொல்லுங்கள் என்று கேட்டால், முதல் ஆண்டுச் சம்பளத்தைவிட மொத்தக் கடன் கூடக் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். வேதியியலுக்கு நான் அதில் பாதி என்பேன், பெற்றோர் கடனையும் சேர்த்து. முதல் வேலை கான்ட்ராக்டாக இருக்க வாய்ப்பு அதிகம், மேற்படிப்புக்குப் போக வாய்ப்பும் அதிகம். இரண்டுக்கும் இடம் விட வேண்டும். அந்தக் கணக்குப்படி 25,000 பக்கம் நின்றால் சரி.

எந்தக் கல்லூரி என்று முடிவு சொல்ல மே 1 வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. தனியார் கல்லூரி மேல் மகளுக்கு மனசு இருந்தால், அவர்களின் நிதி உதவி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் அனுப்பிய உதவித்தொகைக் கடிதத்தை இணைத்து, வித்தியாசத்தைக் காட்டி, மறுபரிசீலனை செய்யக் கேளுங்கள். வேலை போனது, மருத்துவச் செலவு, ஊரில் பெரியவர்களுக்கு அனுப்பும் பணம் எதுவானாலும் ஆதாரத்தோடு எழுதுங்கள். சில சமயம் இறங்கி வருவார்கள். 38,000 என்பது 20,000-க்கு அருகில் வந்தால் பேச்சு வேறு. வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அதே வாரத்தில் மகளையே இரண்டு வேதியியல் துறைகளுக்கும் எழுதச் சொல்லுங்கள். இளநிலை மாணவர்கள் எந்த ஆண்டில் ஆய்வகத்தில் சேரலாம், சம்பளம் உண்டா, எச்.பி.எல்.சி., என்.எம்.ஆர். கருவிகளை மாணவர்களே ஓட்டுகிறார்களா, போன வருடம் பட்டம் வாங்கியவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்கட்டும். கோடையில் மற்ற பல்கலைக்கழகங்களுக்குப் போய் உதவித்தொகையோடு ஆய்வு செய்யும் தேசிய அறிவியல் அறக்கட்டளைத் திட்டத்துக்கு அங்கிருந்து எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்றும் கேட்கட்டும். யார் ஒழுங்காகப் பதில் எழுதுகிறார்கள், யார் விளம்பரத் தாளை அனுப்புகிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.